படத்தை வித்தீங்களா, உரிமையையும் சேர்த்து வித்தீங்களா?

என் தோழி ஒருத்தி. கோவைக்காரி. பகல்ல ஐ.டி கம்பெனி வேலை, ராத்திரியானா ஐபேடும் பென்சிலுமா உட்கார்ந்துடுவா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காங்கேயம் காளையை வரைஞ்சா. திமிலை மட்டும் கறுப்புல அழுத்திட்டு, மீதி உடம்பை நாலஞ்சு கோட்டுல முடிச்ச படம். இன்ஸ்டாகிராம்ல போட்ட ரெண்டாம் நாளே, திருப்பூர்ல பிரின்டிங் யூனிட் வெச்சிருக்கிற ஒருத்தர் மெசேஜ் பண்ணினார். "டிசைன் சூப்பரா இருக்குதுங்க, டி-ஷர்ட்டுக்கு எடுத்துக்கலாமா?" பெருசா பேரம் எல்லாம் நடக்கலை. 3,500 ரூபாய் ஜிபேயில வந்துச்சு, இவ ஃபைலை அனுப்பிட்டா. அன்னைக்கு சாயங்காலம் எங்க எல்லாருக்கும் அவ செலவுல நெய் ரோஸ்ட்.

ஆறு மாசம் கழிச்சு பொங்கல் நேரம். கிராஸ்கட் ரோட்ல நடந்து போறோம். ஒரு பிளாட்பாரக் கடையில அவளோட காளை தொங்குது. பக்கத்துக் கடையிலயும் தொங்குது. நாலு கடை தள்ளி மொபைல் கவர்ல நிக்குது. அடுத்த வாரம் அவ சித்தப்பா பையன் ஒரு ஜல்லிக்கட்டு பேனரைப் போட்டோ எடுத்து அனுப்பினான், அதுலயும் அதே திமில். காலுக்குக் கீழ அவ சின்னதா போட்டிருந்த கையெழுத்தை மட்டும் எல்லாத்துலயும் அழிச்சிருந்தாங்க.

யூனிட்காரருக்கு போன் போட்டா. "அம்மிணி, நீதானே காசு வாங்கிட்டுக் குடுத்தே? அப்புறம் என்னத்துக்குக் கேக்கறே?"ன்னார். கோபமாகூட சொல்லலை. நெசமாவே அவருக்கு கேள்வி புரியலை.

போனை வெச்சுட்டு அவ என்கிட்ட கேட்டது ஒண்ணுதான். "நான் எதைடி வித்தேன்?" பத்திரிகையில வேலை பார்க்கிறேன், எனக்கும் பதில் தெரியலை. அதுக்கப்புறம் படிச்சு, வக்கீல்கள்கிட்ட கேட்டு தெரிஞ்சுகிட்டதுதான் இது. வரையறவங்க, பாட்டு போடறவங்க, போட்டோ எடுக்கிறவங்க எல்லாருக்கும் ஆகும்.

கிரயமா, குத்தகையா?

நம்ம ஊர்ல இதைப் புரியவைக்க சட்டப் புத்தகம் தேவையில்லை, தோட்டம் போதும். பொள்ளாச்சிப் பக்கம் ஒருத்தருக்கு தென்னந்தோப்பு இருக்குன்னு வெச்சுக்குங்க. காயை ஒருத்தருக்கு குத்தகைக்கு விடறார். கள்ளு மாதிரி நீரா இறக்க இன்னொருத்தருக்கு விடறார். நடுவுல ஊடுபயிர் போட வேற ஒருத்தர். மூணு பேர்கிட்டயும் காசு வாங்கறார், தோப்பு அவர் பேர்லயேதான் இருக்கு. என்னைக்காவது கிரயம் பண்ணிக் குடுத்தாத்தான் அது கைமாறும்.

ஒரு படமும் அப்படித்தான். டி-ஷர்ட்ல அச்சடிக்கிறது ஒரு உரிமை, மொபைல் கவர் இன்னொண்ணு, புத்தக அட்டை, விளம்பரம், அனிமேஷன் எல்லாம் தனித்தனி உரிமை. குத்தகைக்கு விடறதுக்கு பேர் லைசென்ஸ். கிரயம் பண்றதுக்கு சட்டத்துல அசைன்மென்ட். ஒரிஜினல் பெயின்டிங்கை ஒருத்தர் 30,000 ரூபாய் குடுத்து வாங்கி ஹால்ல மாட்டிக்கிட்டாலும், அவர் வாங்கினது அந்த கேன்வாஸைத்தான். அதை காலண்டரா அச்சடிக்கிற உரிமை தானா அவர்கிட்ட போயிடாது.

1957-ம் வருஷத்து இந்திய காப்பிரைட் சட்டம் இதுல கலைஞனுக்கு நிறையவே சாதகமா இருக்கு. வரைஞ்ச நிமிஷத்துல இருந்து உரிமை உங்களுது. பதிவு பண்ணணும்னு கட்டாயம் இல்லை. உங்க ஆயுசு முழுக்கவும், அதுக்கப்புறம் 60 வருஷமும் அது நிக்கும். உரிமையைக் கைமாத்தணும்னா எழுத்துல இருக்கணும், நீங்க கையெழுத்து போட்டிருக்கணும்னு 19-வது பிரிவு சொல்லுது. எத்தனை வருஷம்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்கணும். எந்த ஊர் வரைக்கும்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். உரிமையை எழுதி வாங்கிட்டு ஒரு வருஷமா பயன்படுத்தாமலே வெச்சிருந்தா, ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லியிருந்தா ஒழிய, அது உங்ககிட்டயே திரும்பிடும்.

அப்படிப் பார்த்தா என் தோழி காளையை விக்கவே இல்லை. கையெழுத்து இல்லை, பத்திரம் இல்லை. அந்த 3,500 ரூபாய்க்கு அவர் வாங்கினது அதிகபட்சம் டி-ஷர்ட்ல போட்டுக்க ஒரு அனுமதி. மொபைல் கவரும் பேனரும் அதுல வராது. வேற கடைக்காரருக்கு ஃபைலைத் தள்ளிவிடற அதிகாரமும் வராது. கையெழுத்தை அழிச்சது தனிக் கணக்கு. படைச்சவன்னு சொல்லிக்கிற உரிமையை 57-வது பிரிவு தனியா பாதுகாக்குது, உரிமையை முழுசா வித்தபிறகும் அது உங்ககிட்டயே இருக்கும்.

இங்க ஒரு பொறி இருக்கு, அதை விட்டுட்டு மேல போகக்கூடாது. இவ ஏற்கெனவே வரைஞ்சு வெச்சிருந்த படத்தை குடுத்தா. "எனக்கு ஒரு காளை வரைஞ்சு குடுங்க, இவ்வளவு தர்றேன்"னு ஒருத்தர் ஆர்டர் குடுத்து வரைஞ்சிருந்தா கதையே வேற. காசு குடுத்து வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம், எடுக்கச் சொன்ன போட்டோ இதுக்கெல்லாம் முதல் உரிமையாளர் ஆர்டர் குடுத்தவர்தான்னு 17-வது பிரிவு சொல்லுது, வேற ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில். கல்யாண போட்டோகிராபர் நண்பர்கள் கொஞ்சம் கவனிங்க. நீங்க எடுத்த படம்தான், ஆனா உங்க போர்ட்ஃபோலியோவுல போடறதுக்கு பொண்ணு வீட்டுக்காரங்க அனுமதி வேணும். மாசச் சம்பளத்துக்கு டிசைனரா இருந்து ஆபீஸ் வேலையா வரைஞ்சதும் பொதுவா கம்பெனிக்குத்தான். இந்த மூணு நிலைமையில நீங்க எதுல இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்காம விலை பேச உட்காராதீங்க.

51-வது டி-ஷர்ட்

திருப்பூர் பக்கத்துல இருக்கிறதால நமக்கு இன்னொரு விஷயம் மத்த ஊர் கலைஞர்களைவிட அதிகமா தேவைப்படுது. அதைப் பத்தி இங்க யாரும் பேசறதில்லை.

துணியில வர்ற பிரின்ட், பேட்டர்ன் எல்லாம் டிசைன் சட்டத்துக்குக் கீழயும் வரும். காப்பிரைட் சட்டத்தோட 15-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, டிசைனா பதிவு பண்ண வாய்ப்பிருந்தும் பண்ணாம விட்ட ஒண்ணை, உரிமையாளரே அல்லது அவர் அனுமதியோட வேற ஒருத்தர், தொழிற்சாலை முறையில 50 தடவைக்கு மேல உற்பத்தி பண்ணிட்டா அதோட காப்பிரைட் போயிடும். 51-வது பீஸ் மெஷின்ல இருந்து வெளிய வரும்போது பாதுகாப்பு முடிஞ்சுது. நம்ம ஊர்ல 50 பீஸ்ங்கறது ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரம்.

இது சும்மா புத்தகத்துல இருக்கிற பிரிவு இல்லை. டிசைனர் ரித்து குமாரோட நிறுவனம் தங்களோட உடை பிரின்ட்களை பீபா காப்பி அடிச்சதா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. 2016-ல தீர்ப்பு வந்துச்சு. டிசைனா பதிவு பண்ணாம 50-க்கு மேல தயாரிச்சதால காப்பிரைட் நிக்காதுன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலைமை.

அப்போ காளையும் போச்சா? அங்கதான் கொஞ்சம் ஆறுதல். தனியா நிக்கக்கூடிய ஓவியம் வேற, துணிக்காகவே உருவாக்கின பேட்டர்ன் வேற. 2025 ஏப்ரல்ல கிரையோகாஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிரிச்சுப் பார்க்கச் சொல்லுது. முதல்ல இது சுத்தமான கலைப்படைப்பா, இல்லை அதுல இருந்து எடுத்து தொழில்முறைக்குக் கொண்டுபோன டிசைனான்னு பார்க்கணும். அதுலயும் தெளிவு வரலைன்னா, அதோட முக்கிய நோக்கம் அழகா, பயன்பாடான்னு பார்க்கணும். அந்த வழக்கு ஓவியத்தைப் பத்தினதே இல்லை, எரிவாயு டேங்கர் சம்பந்தப்பட்ட வரைபடங்கள். ஆனா நாளைக்கு ஒரு திருப்பூர் டி-ஷர்ட் கேஸ் வந்தா இந்தத் தீர்ப்பைத்தான் ரெண்டு தரப்பு வக்கீலும் தூக்கிட்டு வருவாங்க.

சேலை பார்டர், குர்தி பிரின்ட், திரும்பத் திரும்ப வர்ற பேட்டர்ன் மாதிரி துணிக்காகவே வரையறீங்கன்னா டிசைனா பதிவு பண்ணிடுங்க. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பத்து வருஷம் பாதுகாப்பு, அப்புறம் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, டிசைன் புதுசா இருக்கணும். வெளியில காட்டிட்டா புதுசு இல்லை. இன்ஸ்டாவுல ரீல் போட்டு, ஆயிரம் லைக் வாங்கிட்டு, அப்புறம் விண்ணப்பிக்கப் போனா லேட். வரிசை தலைகீழா இருக்கணும். முதல்ல விண்ணப்பம், அப்புறம் ரீல்.

அந்த ஒரு மெசேஜ்

"ஒப்பந்தம்"னு சொன்னதும் ஸ்டாம்ப் பேப்பரும் நோட்டரியும்தான் ஞாபகம் வருது, அதனாலதான் யாருமே போடறதில்லை. அண்ணன் தம்பி மாதிரி பழகற யூனிட்காரர்கிட்ட பேப்பரை நீட்ட கூச்சம் வேற. "ஏனுங்க, நம்பிக்கை இல்லீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா நாம சுருண்டுடுவோம். கொங்கு நாட்டு வியாபாரம் வாய் வார்த்தையிலயே ஓடினதுதான், ஒத்துக்கறேன். ஆனா வாய் வார்த்தைன்னாலும் ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசியிருக்கணுமே.

இப்போ என் தோழி காசு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பறா. கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"அண்ணா, பேசினபடி இந்த ஒரு படத்தை ஆண்கள், குழந்தைகள் டி-ஷர்ட்ல மட்டும் அச்சடிச்சுக்கலாம். 1,000 பீஸ் வரைக்கும். இன்னைல இருந்து ஒரு வருஷம், இந்தியாவுக்குள்ள விற்பனைக்கு. என் கையெழுத்து படத்துலயே இருக்கணும். வேற பொருள்லயோ வேற கம்பெனிக்கோ குடுக்கணும்னா தனியா பேசிக்கலாம். படத்தோட காப்பிரைட் என்கிட்டயே இருக்கும். தொகை இவ்வளவு. சரின்னா 'ஓகே'ன்னு போடுங்கண்ணா, ஃபைல் அனுப்பிடறேன்."

அவ்வளவுதான். எந்தப் பொருள், எத்தனை பீஸ், எவ்வளவு நாள், எந்த ஊர், பெயர் வருமா, மத்தவங்களுக்கும் நீங்க குடுப்பீங்களா எல்லாமே அதுக்குள்ள வந்துடுச்சு. அந்த 'ஓகே' ஒரு சாட்சி. சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மெயில்ல போட்டு வெச்சுக்குங்க, ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீங்க. தொகை பெருசா இருந்தாலோ, "முழு உரிமையும் வேணும்"னு கேட்டாலோ, அப்போ கையெழுத்து போட்ட காகிதம்தான். "முழு உரிமை", "எப்போதைக்குமாக", "எல்லா ஊடகங்களிலும்" இந்த வார்த்தைகளைப் பார்த்தா அது கிரயப் பத்திரம்னு புரிஞ்சுக்குங்க. குத்தகை விலைக்கு கையெழுத்து போடாதீங்க.

விலைக்கு ரெண்டு வழி. ஒரே தடவை ஒரு தொகை, இல்லைன்னா பீஸுக்கு இவ்வளவுன்னு ராயல்டி. ஒரு டி-ஷர்ட்டுக்கு அஞ்சு ரூபாய்னு பேசினா 2,000 பீஸுக்கு 10,000 ரூபாய். கேட்க நல்லா இருக்கும், ஆனா எத்தனை பீஸ் போட்டாங்கன்னு கணக்கு யார் சொல்றது? யூனிட்டுக்குள்ள போய் நாம எண்ண முடியாது. அதனால முன்பணமா ஒரு தொகையும், குறிப்பிட்ட எண்ணிக்கை தாண்டினா மறுபடி பேசணும்கற கட்டுப்பாடும் சேர்ந்த கலவைதான் சின்ன ஆளுங்களுக்கு ஒத்துவரும்னு எனக்குத் தோணுது.

எங்க போய் விக்கிறது?

நம்ம ஊர்ல கலைக்கு மார்க்கெட்டே இல்லைன்னு சொல்றவங்க, கோயம்புத்தூர் விழா சமயத்துல ரேஸ்கோர்ஸ் பக்கம் நடக்கிற ஆர்ட் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கணும். ரோட்டோரமா ஓவியங்களை சாத்தி வெச்சுட்டு வரைஞ்சவங்களே பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க. வாக்கிங் போற மாமா நின்னு விலை கேட்பார். அங்க பெரிய கேன்வாஸைவிட சின்ன பிரின்ட் சீக்கிரம் போகும், கையில இருக்கிற காசுக்கு வாங்கற மாதிரி ஏதாவது ஒண்ணு மேஜையில இருக்கணும். அவினாசி ரோட்ல கஸ்தூரி சீனிவாசன் ஆர்ட் கேலரி இருக்கு. சிட்ராவோட முதல் இயக்குநரா இருந்த கஸ்தூரி சீனிவாசன் தானே ஓவியரும் எழுத்தாளருமா இருந்தவர், அவர் பேர்ல இருக்கிற அறக்கட்டளையோட இடம். அங்க ஒரு கண்காட்சி வெச்சோம்னு சொல்லிக்கிறதே அடுத்த வாடிக்கையாளர்கிட்ட ஒரு அறிமுகம்.

கையில முதலே இல்லாம டி-ஷர்ட் போடணும்னா பிரின்ட் ஆன் டிமாண்ட். திருப்பூர்லயே இருக்கிற குவிகிங்க் மாதிரி நிறுவனங்கள்ல படத்தை ஏத்தி வெச்சுட்டா, ஆர்டர் வரும்போது ஒரே ஒரு பீஸ் அச்சடிச்சு வாங்கினவர் வீட்டுக்கே அனுப்புவாங்க. அவங்களோட அடக்க விலை போக மீதி உங்களுக்கு. ஒரு பீஸுக்கு லாபம் மொத்த விலைக்கு அடிக்கிறதைவிட குறைவுதான். ஆனா வீட்டுப் பரண்ல 200 எக்ஸ்எல் டி-ஷர்ட் தேங்காது. உங்க படத்துக்கு ஆள் இருக்காங்களான்னு சோதிச்சுப் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியலை.

பிரின்ட் விக்கிறதைக் கேவலமா நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. ராஜா ரவிவர்மா ராஜாக்களுக்கு வரைஞ்சு குடுத்தவர். அவரே 1894-ல பம்பாயில லித்தோ பிரஸ் போட்டார். நம்ம பாட்டி வீட்டு பூஜை அறையில இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் அந்த வழியில வந்தவங்கதான். கடைசியில பிரஸ்ஸை நடத்த முடியாம, அச்சடிக்கிற உரிமையோட சேர்த்து ஜெர்மன்காரர் ஷ்லைஷருக்கு வித்துட்டார். படம் வீடு வீடா போனது அதுக்கப்புறமும் நிக்கலை, கல்லாப்பெட்டி மட்டும் கைமாறிடுச்சு.

இன்ஸ்டாகிராம்ல போடாம வேலைக்கு ஆகாது, சரி. போட்டா உரிமை போயிடும்னு ஒரு புரளி சுத்துது, அது தப்பு. உரிமை உங்களுதுதான், அவங்க தளத்துல காட்டறதுக்கும் பகிர்றதுக்கும் ஒரு லைசென்ஸை மட்டும் நீங்க குடுக்கறீங்க. ஆனா அச்சடிக்கிற தரத்துல இருக்கிற பெரிய ஃபைலைப் போடாதீங்க. கையெழுத்தை ஓரத்துல போட்டா கிராப் பண்ணிடறாங்க, காளையோட வயித்துக் கோட்டுக்குள்ள போடணும்னு என் தோழி இப்போ சொல்றா. முடிச்ச படத்தைவிட வரையற வீடியோ அதிகம் போய்ச் சேருது, அதே வீடியோ நாளைக்கு "இதை வரைஞ்சது நான்தான்"னு சொல்ல ஆதாரமும் ஆகுது. லேயரோட இருக்கிற ஒரிஜினல் ஃபைலை அழிச்சுடாதீங்க. புரொஃபைல்ல ஒரு மெயில் ஐடி இருக்கட்டும். 'டிஎம் பண்ணுங்க'ன்னு மட்டும் இருந்தா, கம்பெனியில இருந்து வர்ற நல்ல ஆர்டர்கூட அந்த மெசேஜ் ரிக்வெஸ்ட் குப்பைக்குள்ள செத்துக்கிடக்கும்.

சுவர்ல வரையறவங்களுக்கு ஒரு வார்த்தை. உக்கடம் குடியிருப்புகள்ல பெரிய பெரிய சுவரோவியங்களைப் பார்த்திருப்பீங்க, ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை முன்னெடுத்தது. பொது இடத்துல இருக்கிற சுவர்தானே, நம்ம விளம்பரத்துக்கு பின்னணியா போட்டுக்கலாம்னு கடைக்காரங்க நினைக்கிறாங்க. மும்பையில ஒரு சுவரோவியத்தை ஆக்கோ இன்சூரன்ஸ் தன்னோட விளம்பரத்துல பயன்படுத்தினப்போ இதே அறக்கட்டளை கோர்ட்டுக்குப் போச்சு. சமூக வலைதளத்துல இருக்கிற அந்த விளம்பரங்களை எடுக்கச் சொல்லி 2023 நவம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. ரோட்ல இருக்குங்கறதுக்காக சுவர் ஊர்ச்சொத்து ஆயிடாது.

பாட்டு போடறவங்களுக்கு கணக்கு இன்னும் சிக்கல்

ஒரு பாட்டுக்குள்ள ஒரு உரிமை இல்லை. வரி எழுதினவருக்கு ஒண்ணு, மெட்டு போட்டவருக்கு ஒண்ணு, பதிவு பண்ணின ஒலிக்கு தனியா ஒண்ணு. அந்த ஒலிப்பதிவு காசு போட்டுத் தயாரிச்சவர் கையில இருக்கும். பாடினவருக்கு பாடகர் உரிமைன்னு வேற. 2017-ல இளையராஜா தரப்புல இருந்து எஸ்.பி.பி-க்கு நோட்டீஸ் போனப்போ "பாடினவருக்கே பாட உரிமை இல்லையா"ன்னு ஊரே கொதிச்சுது ஞாபகம் இருக்கா? சண்டையே இந்தப் பிரிவினையாலதான்.

நம்ம ஊர்ப் பையன் ஹிப்ஹாப் தமிழா ஆதி, யூடியூப்ல பாட்டு போட்டு, 2012-ல 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் போட்டு, 2015-ல 'ஆம்பள' மூலமா சினிமாவுக்குள்ள போனதை பார்த்துத்தான் இங்க பாதி பசங்க மைக் வாங்கினாங்க. அந்தப் பாதையோட இன்னொரு முனையில 'எஞ்சாயி எஞ்சாமி' இருக்கு. 2021 மார்ச்ல வந்து கோடிக்கணக்கான பேர் பார்த்த தனிப்பாட்டு. தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன்னு யாருக்கு எவ்வளவு பங்குன்னு பெயர்ச் சண்டை முதல்ல வந்துச்சு. 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணன் வீடியோ போட்டு, அந்தப் பாட்டுல இருந்து கலைஞர்களான தங்களுக்கு இதுவரைக்கும் வருமானமே வரலைன்னு சொன்னார். வெளியிட்ட மாஜா நிறுவனத்தோட தரப்பு வேற. யார் சரின்னு தீர்ப்பு சொல்றது என் வேலை இல்லை. அத்தனை பெரிய பாட்டுக்கே பெயரும் பங்கும் இப்படி தெருவுக்கு வந்துச்சுன்னா, ஹாஸ்டல் ரூம்ல மூணு ஃபிரெண்ட்ஸ் சேர்ந்து போடற பாட்டுக்கு யாரு எவ்வளவுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா? ரிலீஸுக்கு முன்னாடி, நட்பு நல்லா இருக்கும்போதே, வரிக்கு எவ்வளவு, மெட்டுக்கு எவ்வளவு, ஒலிப்பதிவு யாருக்குன்னு ஒரு பக்கம் எழுதி மூணு பேரும் கையெழுத்து போடுங்க.

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி விநியோகத் தளங்கள் வழியா ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்னு எல்லாத்துலயும் ஏத்தலாம். ஸ்பாட்டிஃபையில முந்தைய 12 மாசத்துல 1,000 தடவைகூட கேட்கப்படாத பாட்டுக்கு 2024-ல இருந்து காசு இல்லைங்கறதை மனசுல வெச்சுக்குங்க. இது போக, நிறைய பேர் கோட்டை விடற இடம் ஐ.பி.ஆர்.எஸ். வரி எழுதறவங்களுக்கும் இசையமைப்பாளர்களுக்குமான ராயல்டி சங்கம், 1969-ல இருந்து இருக்கு. ரேடியோ, டிவி, ஓட்டல், மேடைன்னு பாட்டு ஓடற இடங்கள்ல வசூல் பண்ணி பிரிச்சுக் குடுப்பாங்க. உறுப்பினர் ஆகலைன்னா உங்க பங்கு உங்களைத் தேடி வராது. 2012 திருத்தத்துக்கு அப்புறம், சினிமா தியேட்டருக்கு வெளியில வர்ற இந்த ராயல்டி பங்கை விட்டுக் குடுக்கறதா ஒரு கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கும் காப்பிரைட் சங்கத்துக்கும் மட்டும்தான் குடுக்கலாம்.

திருடிட்டாங்க, இப்போ என்ன?

முதல் வேலை, கோபத்துல ஸ்டோரி போடறது இல்லை. முதல்ல லிங்க், தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுங்க, முடிஞ்சா அந்தப் பொருளை ஒண்ணு காசு குடுத்து வாங்கி பில்லையும் வெச்சுக்குங்க. ஆன்லைன்ல இருந்தா அந்தத் தளத்தோட காப்பிரைட் புகார் படிவத்துல போடுங்க, இன்ஸ்டா, யூடியூப், ஷாப்பிங் தளங்கள் எல்லாத்துலயும் இருக்கு. முறையா எழுத்துல புகார் போனா 36 மணி நேரத்துக்குள்ள அந்தத் தளம் நடவடிக்கை எடுக்கணும்னு காப்பிரைட் விதிகள் சொல்லுது. அப்படி முடக்கினது 21 நாளைக்குத்தான் நிக்கும். அதுக்குள்ள கோர்ட் உத்தரவு கொண்டுவரலைன்னா அவங்க திரும்பவும் போட்டுடலாம்.

பதிவு கட்டாயம் இல்லைன்னு மேல சொன்னேன். ஆனாலும் காசு வர்ற படங்களுக்கு பண்ணி வைக்கிறது புத்திசாலித்தனம், கோர்ட்ல முதல் ஆதாரமா அது நிக்கும். கலைப்படைப்புக்கு 500 ரூபாய், பொருட்கள்ல பயன்படற லோகோ மாதிரி படைப்புன்னா 2,000 ரூபாய். ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். "வக்கீல் ஃபீஸுக்கு எங்க போறது?"ன்னு கேட்கிற பெண்களுக்கு ஒண்ணு சொல்லணும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. இதை என் தோழிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி யாருமே சொல்லலை, நானும்தான்.

அவ கோர்ட்டுக்குப் போகலை. ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி திருப்பூர் போனா, நானும் கூடப் போனேன். யூனிட்காரர் டீ வாங்கிக் குடுத்தார். தென்னந்தோப்பு கணக்கைச் சொன்னதும் அவருக்கு சட்டுனு பிடிபட்டுடுச்சு, அவங்க அப்பாவுக்கு தாராபுரம் பக்கம் தோப்பு இருக்காம். "மொபைல் கவர் எவன் போட்டான்னு எனக்குத் தெரியாது அம்மிணி, ஸ்க்ரீன் போடற பையன் எவனாச்சும் ஃபைலைத் தூக்கியிருப்பான்"னார். நம்பறதா வேண்டாமான்னு இன்னும் எங்களுக்குத் தெரியலை. ஆனா அடுத்த லாட்டுக்கு பீஸுக்கு நாலு ரூபாய், 1,000 பீஸ் தொகை முன்கூட்டியே, கையெழுத்து படத்துக்குள்ள, இதுக்கெல்லாம் வாட்ஸ்அப்ல 'ஓகே' போட்டுட்டார். கிராஸ்கட் ரோட்ல பழைய காளை இன்னமும் தொங்கிட்டுத்தான் இருக்கு.

இப்போ ஒரு சண்டைச் சேவல் வரைஞ்சு முடிச்சிருக்கா. பிரமாதமா இருக்கு. எப்போடி போடப்போறேன்னு கேட்டா, விண்ணப்ப நம்பர் வரட்டும்கறா.